குளத்துக்குக் கிழக்கே ஒரு கோட்டை

வண்டிய அந்தப் பூவரச நிழல்லயே போடுங்க தம்பி. வெயில்ல நின்னா சீட்டு சுடும், அப்பறம் அந்த மேடம் வந்து ஒங்களத்தான் வைவாவ. இப்படி வந்து உக்காருங்க. அவுக அளந்து, போட்டோ எடுத்து, குழி தோண்டிப் பாத்துட்டு வர ஒரு மணி நேரமாவது ஆகும். நீங்க எதுக்கு அங்க போயிக் காயணும்? உள்ள மோர் கரைக்கச் சொல்லியிருக்கேன். பால்ராஜ்னுதான பேரு சொன்னிய? நம்ம வீட்டுல யாரு வந்தாலும் ஒரு வாய் குடிக்காம போகப்பிடாது. அப்பா காலத்துல இருந்தே அப்படி.

எதுக்கு வந்திருக்காவன்னு ஒங்களுக்குச் சொன்னாவளா? சொல்லியிருக்க மாட்டாவ. டிரைவர்ட்ட யாரு சொல்லுதா. நான் சொல்லுதேன். ரோட்டுல இருந்து திரும்பும்போது நீலக் கலர்ல ஒரு போர்டு பாத்திருப்பிய. அதுக்குப் பக்கத்துல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கல்லு. ‘இவ்விடத்தில் கும்பினியாரின் எல்லைக் காவல் கோட்டை இருந்தது. மலைக் கணவாயைக் காக்க நூற்று இருபது சிப்பாய்கள் இங்கே தங்கியிருந்தனர். காய்ச்சலில் பலர் இறந்தபின் கோட்டை கைவிடப்பட்டது. தற்போது எச்சங்கள் எதுவும் இல்லை.’ எனக்கு மனப்பாடம். வாரவங்களுக்கெல்லாம் நான்தான் படிச்சுக் காட்டுதேன். அந்தா தெரியுது பாருங்க மலை, அந்தக் காலத்துல அதுக்கு அந்தப் பக்கம் மலையாள ராஜா சீமை, இந்தப் பக்கம் வெள்ளக்காரன் கும்பினி. நடுவுல இருக்க கணவாய்க்குக் காவல். இப்ப ராஜாவும் இல்ல, கும்பினியும் இல்ல, கோட்டையும் இல்ல. கல்லு மட்டும் நிக்கி. அந்தக் கல்ல எடுக்கணும்னுதான் பெட்டிசன்.

போட்டது யாருன்னு கேளுங்க. என் கூடப்பொறந்த தங்கச்சி. பேரு சொர்ணம். அந்தா, குடை பிடிச்சுக்கிட்டு நிக்காவளே ஒங்க மேடம், அவுக பக்கத்துல தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஒருத்தி நிக்காள்லா, அவதான். கல்லு நிக்கது அவ நெலத்துல. கல்லச் சுத்தி நூறு மீட்டருக்கு ஒரு குழி வெட்டப்பிடாது, கெணறு வெட்டப்பிடாது, போர் போடப்பிடாது, செவரு எழுப்பப்பிடாது. அவளுக்கு இருக்கதே ரெண்டே முக்கால் ஏக்கர். அம்புட்டும் அந்த நூறு மீட்டருக்குள்ள வந்துருது. விதி. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க.

ஆனா ஊர்ல நாலு பேரு என்னையத்தான் ஒரு மாதிரி பாக்காவ. அதுதான் எனக்கு ஆத்தாமை. அவளுக்கு நான் என்ன கொறை வச்சேன்? புருசன் புனலூர்ல டீக்கடை வச்சிருந்தான். மஞ்சக்காமாலை வந்து செத்துப்போனான். ஒம்பது வயசுப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா. நான் வாசல அடைச்சனா? உள்ள வா, இருக்கதச் சாப்பிடு, மாட்டுத் தொழுவுக்குப் பக்கத்து ரூம்ல இருந்துக்கோன்னு சொன்னேன். ரெண்டு வருசம் இருந்தா. வீட்டு வேலை பூரா அவதான் பாத்தா, இல்லைங்கல. பெறவு ஒருநாள், அப்பாவுக்குப் பதினாறு முடிஞ்சு சொந்தக்காரவ எல்லாரும் உக்காந்திருக்கும்போது, ‘எனக்குப் பங்கு வேணும்ணே’ன்னு கேட்டா. எல்லாரு முன்னாடியும். எனக்கு மூஞ்சி எப்படி இருந்திருக்கும்? தனியாக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?

குடுத்திருக்க மாட்டேன்னு நெனைக்கிய. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சரி, அத விடுங்க. அவ வக்கீலப் பாத்துட்டா, நோட்டீசு வந்துட்டு. கோர்ட்டு வரைக்கும் போனா குடும்பத்துக்குக் கேவலம்னு நானே பாத்து ஒரு துண்டு பிரிச்சுக் குடுத்தேன். குளத்துக்கு மேக்க, இந்த மேட்டுல வீடு இருக்கு, இதக் குடுக்க முடியாது. குளத்துக்குக் கிழக்கே இருக்க எடத்தக் குடுத்தேன். குளத்தங்கரைதான், தண்ணிக்குப் பக்கம். உவர் மண்ணுதான், ஒத்துக்கிடுதேன். கோடையில உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையா நிக்கும். அப்பாவும் அதுல ஒண்ணும் போட்டதில்ல, மாடுதான் மேயும். ஆனா நெலம் நெலந்தான. பத்திரத்துல உவர்னு எழுதவா செய்யிதாவ?

அவ அதோட கெடந்திருக்கணும். கெடக்கல. பிடிவாதக்காரி. அந்த வருசம் குளம் வத்தினதும், கரம்பை அடிக்கப் போறேன்னு கெளம்பிட்டா. நீங்க டவுன் ஆளு, கரம்பைன்னா தெரியுமோ என்னமோ. மழைத் தண்ணி மேட்டுல இருந்து அரிச்சுக் கொண்டாந்து குளத்து அடியில படிய விடும் பாருங்க, கருப்பா, வெண்ணெ கணக்கா, அந்த மண்ணு. கோடையில அத வெட்டி வயல்ல கொண்டு போட்டா உவர் மாறிரும். இங்க எல்லாரும் செய்யிததுதான். ஆனா உவர் வயலு பூராத்துக்கும் அடிக்க எவனும் துணிய மாட்டான். அவ மூணு கோடை அடிச்சா. மொத்தம் எம்பது லோடு. டிராக்டர் என்னோடது, ஓட்டினதும் நான்தான். வாடகைக்குத்தான் ஓட்டினேன்னு வச்சுக்கோங்க, ஆனா ஓட்டினேன்லா? அவ குளத்துக்குள்ள நின்னு வெட்டிப் போடுவா, பெறவு வயலுக்கு ஓடியாந்து மம்பட்டியால பரத்துவா. உச்சி வெயில்ல. காலு ரெண்டும் வெடிச்சு ரத்தம் வரும், அதுல மஞ்சளும் எண்ணெயும் போட்டுக்கிட்டு மறுநா வந்துருவா. வேற வீட்டுப் பொம்பள செஞ்சிருந்தா நானே பாராட்டியிருப்பேன்.

அந்தக் கரம்பையிலதான் தம்பி, ஈய உருண்டை கெடைச்சுது. சின்ன நெல்லிக்கா அளவு இருக்கும். சிப்பாயி துப்பாக்கியில போட்டுச் சுடுதது. இங்க யாருக்கும் அது புதுசு இல்ல. குளம் வத்தும்போதெல்லாம் கெடைக்கும். எங்க அப்பா அத உருக்கி வீச்சு வலைக்கு மணி போடுவாரு. வலை சீக்கிரம் முங்கணும்லா, அதுக்கு. ஊருல ஒரு பய அத காசு குடுத்து வாங்கினதில்ல. அதோட வெள்ளைக் களிமண்ணுல செஞ்ச சுருட்டுக் கொழாய் துண்டு, கிரீடம் போட்ட பித்தள பட்டன், இப்படி என்னென்னமோ. சொர்ணத்தோட மக இந்துமதி அதெல்லாம் பொறுக்கி ஒரு பால்பவுடர் டப்பாவுல போட்டு வச்சிருந்தா. படிக்கிற பிள்ளை. எல்லாத்தையும் கழுவித் தொடச்சு வச்சிருப்பா.

மூணாம் வருசம் வயலு மாறிட்டு. நான் நம்பல, போயிப் பாத்தேன். கத்திரி போட்டிருந்தா, காய் காயா தொங்குது. அடுத்து எலுமிச்சைக் கன்னு நட்டா. நூத்திப் பத்துக் கன்னு. எலுமிச்சைக்கு வருசம் பூரா தண்ணி வேணும். குளத்துத் தண்ணி மாசியோட சரி. அதனால கழுத்துல கெடந்த சங்கிலிய வித்து கெணறு வெட்ட ஆரம்பிச்சா. இருபத்தெட்டு அடி போயிட்டு. ஈரம் கண்டுட்டுன்னு சொன்னாவ. இன்னும் பத்தடி, பதினஞ்சடி போனா ஊத்து. ஊரு பூரா அவளப் பத்தித்தான் பேச்சு. உலகநாதன் தங்கச்சி உவர மாத்திட்டா, உலகநாதன் தங்கச்சி கெணறு வெட்டுதான்னு. எனக்கும் பெருமைதான். ஏன், எனக்குப் பெருமை இருக்கப்பிடாதா?

அப்பந்தான் தொல்பொருள் ஆபீஸ்ல இருந்து அந்தக் கோட்டை ஆபீசர் வந்தாரு. இந்த மேடத்துக்கு முன்னாடி இருந்தவரு, கண்ணாடி போட்டிருப்பாரு, ரொம்ப மரியாதையான மனுசன். கையில ஒரு வெள்ளக்காரன் காலத்து மேப்பு. அதுல குளம் இருக்கு, மலை இருக்கு, கோட்டைன்னு ஒரு கட்டமும் இருக்கு. ஆனா கட்டம் சரியா மடிப்புல வந்து மையி அழிஞ்சு போச்சு. குளத்துக்கு மேக்கயா கெழக்கயான்னு தெரியல. ஊருல விசாரிச்சாரு, எல்லாரும் என்னையக் கை காட்டிட்டானுவ. பழைய குடும்பம், இவருக்குத்தான் தெரியும்னு. வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியிலதான் உக்காந்தாரு. மோர் குடிச்சாரு. குடிச்சுக்கிட்டே அந்தச் செவத்தப் பாத்தாரு.

நீங்களும் அதத்தான பாக்கிய. பாருங்க, பாத்தா என்ன. செங்கல் கொஞ்சம் அகலமா, தட்டையா இருக்கும். பழைய செங்கல். எங்க கெடைச்சுதுன்னா, இங்கதான். வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கீழ இருந்து செவரு செவரா வந்துச்சு. நல்ல சுட்ட செங்கலு, தூரப் போடவா மனசு வரும்? எடுத்துக் கட்டிட்டேன். வாசப்படிக் கல்லும் அப்படி வந்ததுதான். மழை பெய்ஞ்சா இப்பவும் கொல்லைப் பக்கம் ஈய உருண்டை தெரியும். இங்க இருந்துதான் அரிச்சுக்கிட்டுக் குளத்துக்குப் போவுது. நீங்க யார்ட்டயும் சொல்லப்பிடாது, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

அன்னைக்கு அவரு செவத்தப் பாத்ததும் நான் உசாராயிட்டேன். எனக்கு அந்த விதி ஏற்கனவே தெரியும். என் சம்பந்தி ஊர்ல ஒரு பழைய கோயில் இருக்கு, அதுக்குப் பக்கத்துல ஒருத்தன் மாட்டுக்கொட்டகை போட்டான், வந்து பிரிச்சுட்டுப் போயிட்டாவ. வீட்டுக்கு மேல மாடி எடுக்கணும்னு கம்பியெல்லாம் வாங்கிப் போட்டிருந்தேன். அவரு, இந்தச் செங்கல் எங்க கெடைச்சுதுன்னு கேக்க வாயத் தொறக்காரு. நான், சார், ஒரு எடத்துல ஈயக் குண்டா கெடைக்கி, வாங்க காட்டுதேன்னு எந்திரிச்சுட்டேன்.

நேரா சொர்ணம் வயலுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். நான் ஒண்ணும் சொல்லல தம்பி, அத நீங்க கவனிக்கணும். நான் ஒரு பொய் சொல்லல. அவ மகதான் வீட்டுக்கு ஓடிப்போயி டப்பாவ எடுத்தாந்தா. சொர்ணந்தான் முந்தானையில ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டினா. ‘எல்லாம் எங்க வயல்ல கெடைச்சது சார்’னு சொன்னது அவதான். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. அவ வயலு விலை போகாத வயலுன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லிக் கேட்டவ, ஒரு பெரிய ஆபீசர் வந்து குனிஞ்சு மண்ணத் தொட்டுப் பாக்காருன்னா சந்தோசம் வராதா. அவருக்கு அதுக்கு மேல சந்தோசம். அந்தப் பட்டன உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

பெறவு அவருக்கே ஒரு சந்தேகம். கோட்டைய போயிப் பள்ளத்துலயா கட்டியிருப்பான்னு கேட்டாரு. தண்ணிக்குப் பக்கமா இருக்கட்டும்னு கட்டியிருப்பான் சார்னேன். அது என் அபிப்பிராயம், தப்பா? அப்ப என்னையப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘இது இந்த எடத்து மண்ணுதான? வேற எங்கிருந்தும் கொண்டாந்து போட்டது இல்லையே?’ன்னு. சொர்ணம் அப்ப அங்க இல்ல. சாருக்குக் கத்திரிக்கா பறிக்கப் போயிருந்தா. நான் சொன்னேன், ‘எங்க பூர்வீக மண்ணு சார்’னு. பூர்வீகந்தான? மேட்டுல இருந்து வந்தாலும் எங்க மேடுதான. அவரு எழுதிக்கிட்டாரு. ஒரு கையெழுத்து கேட்டாரு, போட்டேன்.

எட்டு மாசத்துல கல்லு வந்துட்டு. தொறப்பு விழாவுக்குப் பந்தல், மைக்கு எல்லாம். எனக்குப் பொன்னாடை போத்தினாவ. சொர்ணத்துக்கும் போத்தினாவ. அவ வாழ்க்கையில அவளுக்கு யாரு போத்தியிருக்கா? அந்தப் பொன்னாடைய மடிச்சு நெஞ்சோட வச்சுக்கிட்டே நின்னா. இந்துமதிக்கு ஒரு பேனாவும் புத்தகமும். வந்தவங்களுக்கெல்லாம் அவ வீட்டுலதான் சாப்பாடு, கத்திரிக்கா கூட்டு வச்சிருந்தா. என்னைய அந்த எடத்துக்கு கௌரவக் காவலர்னு போட்டு ஒரு அட்டை குடுத்தாவ. இந்தா, பையிலதான் வச்சிருக்கேன். படம் கொஞ்சம் கருப்பா விழுந்துட்டு.

ஒரு வாரம் கழிச்சு நோட்டீசு வந்துச்சு. கெணறு வெட்டுத வேலைய நிறுத்தணும், வெட்டின பள்ளத்த மூடணும்னு. இந்துமதி படிச்சுக் காட்டியிருக்கா, சொர்ணம் நம்பல. திரும்பப் படிக்கச் சொல்லியிருக்கா. பெறவு இங்க வந்தா. பங்கு பிரிச்ச நாள்ல இருந்து இந்த வாசல மிதிக்காதவ, அன்னைக்கு வந்தா. உள்ள வரல. அந்தப் படிக்குக் கீழ நின்னுக்கிட்டு, ‘அண்ணே, அந்த மண்ணு குளத்துல இருந்து வந்ததுன்னு ஒரு வார்த்த சொல்லுண்ணே. நீதான ஓட்டுன’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அழக்கூட இல்ல. அழுதிருந்தா எனக்கும் மனசு எளகியிருக்கும். இப்படி வந்து நிமிந்து நின்னு கேட்டா என்ன செய்ய?

நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். எழுதினது எழுதினதுதான், கவர்மெண்டு கல்லு நட்டாச்சு, இனிமே போயி மாத்திச் சொன்னா நம்ம குடும்பமே பொய் சொன்ன குடும்பம்னு ஆயிரும், கொஞ்ச நாள் பொறுத்துப் பாருன்னேன். அவ திரும்பிப் போயிட்டா. போயி அவளா ஒரு மனு போட்டா. ஊர்ப் பெரியவர் வாக்குமூலத்துல வேற மண்ணு எதுவும் போடப்படலைன்னு இருக்குன்னு பதில் வந்துட்டு. ஊருல எல்லாருக்கும் தெரியும் அவ கரம்பை அடிச்சது. ஒருத்தனும் வந்து சொல்லல. என்னைய மீறி யாரு சொல்லுவா? அந்தப் பயம் ஊருல இன்னும் இருக்கு, பரவால்ல.

அவ சும்மா இருந்தாளா? அதான் இல்ல. அவளும் மகளும், மேலத்தெருவுல இருந்து ஒரு கெழவனுமா, சத்தமில்லாம திரும்பக் கெணத்துக்குள்ள எறங்கிட்டாவ. வெடி வைக்க முடியாது, சத்தம் கேக்கும். உளியும் சுத்தியலும் வச்சுத்தான் பாறைய ஒடைச்சிருக்காவ. ஒரு நாளைக்கு ஒரு சாண் போயிருந்தா பெருசு. கல்லுக்கு முப்பது அடி தள்ளி. நான் தெனம் பாத்துட்டுத்தான் இருந்தேன். பதினோரு நாள் பேசாம இருந்தேன் தம்பி, அண்ணங்கிற முறைக்கு. பன்னெண்டாம் நாள் போன் போட்டேன். பின்ன? காவலர்னு அட்டை குடுத்திருக்கான். நாளைக்கு எவனாவது கேட்டா, ஒனக்குத் தெரியாதா, தங்கச்சின்னு விட்டியான்னு என்னையல்லா கேப்பான்.

மறுநாளு ஜேசிபியோட வந்துட்டாவ. பள்ளத்த மூட மண்ணு வேணும். கெணத்துல இருந்து எடுத்த கல்லையும் மண்ணையும் அவ ஏற்கனவே வழி மேடாக்கவும் வரப்புப் போடவும் ஊர்ல கேட்டவங்களுக்குக் குடுத்துட்டா. அதனால வயலு மேல் மண்ணையே வழிச்சுத் தள்ளச் சொல்லிட்டாவ. மேல இருந்தது என்ன, கரம்பைதான. ஒரு அடி ஆழத்துக்கு வழிச்சு வழிச்சு உள்ள தள்ளினான். எலுமிச்சங்கன்னு நாப்பது அம்பது அதோடயே போச்சு. எனக்கே வயிறு எரிஞ்சுது தம்பி, மெய்யாத்தான் சொல்லுதேன். எம்பது லோடுல்லா. ஒவ்வொரு லோடும் நான் ஓட்டினது.

இந்துமதி கத்தினா. ஜேசிபிக்கு முன்னாடி போயி நின்னா. சொர்ணந்தான் அவளப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. பெறவு ஜேசிபிக்காரன்ட்ட ஒரு நிமிசம் நில்லுப்பான்னு சொல்லிட்டு, அவளே கெணத்துக்குள்ள எறங்கி, உளி, சுத்தியல், கயிறு, கூடை எல்லாத்தையும் எடுத்துட்டு மேல வந்தா. கெழவனுக்குச் சொந்தமான சாமானாம். எண்ணிப் பாத்து அவன்ட்ட குடுத்தா. பெறவு வரப்புல உக்காந்து மூடி முடிக்க வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா. நான் கெளம்பி வந்துட்டேன். எனக்கு அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல.

மிச்சக் கன்னுக்கு கொடத்துல தண்ணி சுமந்து ஊத்திப் பாத்தா. பங்குனி வெயிலுக்கு அதெல்லாம் எந்த மூலைக்கு. ஒவ்வொண்ணாக் கருகிட்டு. வைகாசியில பாத்தா வயலு பழையபடி வெள்ளையாப் பூத்து நிக்கி. நீங்க இப்பப் பாக்கது அதுதான். இந்துமதிக்கு நர்சு படிக்க எடம் கெடைச்சிருந்துச்சு. போகல. ராஜபாளையத்துப் பக்கம் ஒரு மில்லுல இருக்கா. பஞ்சு தூசி ஒத்துக்கிடலன்னு சொல்லுதாவ, போன்ல பேசினா இருமலுக்கு நடுவுலதான் பேச்சு வருதாம். என்ட்ட பேசுததில்ல. எதுக்குன்னு எனக்குத் தெரியல, அவளுக்கு நான் என்ன செஞ்சேன்?

ஆனா ஒண்ணு சொல்லுதேன், நான் அவளக் கைவிடல. இந்த மேட்டுல பின்னால போர் போட்டேன். முன்னூறு அடியில நல்ல தண்ணி. எரநூறு எலுமிச்சை வச்சிருக்கேன், வாங்க, போகும்போது ஒரு பை தாரேன். குழி எடுக்கும்போது திரும்பவும் அந்தக் குண்டு, பட்டன், ஒரு கத்திப் பிடி, ஒரு மண்டையோடு. எல்லாத்தையும் அள்ளிக் குளத்துல போட்டுட்டேன். அந்தத் தோட்டத்துல களை எடுக்க சொர்ணமும் வாரா. நான்தான் வரச் சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி வந்து எல்லாருக்கும் பின்னாடி போவா. அவ கை பட்ட கன்னு தனியாத் தெரியும், அப்படித் தளதளன்னு நிக்கும். அண்ணன் தோட்டம்லா.

இப்ப அந்த மேடம் புதுசா வந்திருக்காவ. சின்ன வயசு. பழைய பைலையெல்லாம் எடுத்துப் படிச்சிருக்காவ. ஒரு நீளமான கம்பி கொண்டாந்திருக்காவ, பாத்தியளா? அத மண்ணுல எறக்கி எடுத்தா உள்ள என்ன மண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருமாம். உவருதான் வரும். ஒரு குண்டு வராது, ஒரு ஓட்டாஞ்சல்லி வராது. அப்ப கோட்டை எங்கன்னு கேப்பாவ. சுத்தி முத்திப் பாத்தா ஒசரமா இருக்கது இந்த மேடு ஒண்ணுதான். வந்த ஒடனேயே மேடம் இந்தச் செவத்தப் பாத்தாவ. ஒண்ணும் கேக்கல. என்ட்ட, ஐயா நீங்க எங்கயும் போயிராதீங்க, ஒங்க வாக்குமூலந்தான் முக்கியம், அத நீங்களே மாத்திச் சொன்னா கல்ல எடுத்துரலாம், இல்லைன்னா கஷ்டம்னு சொல்லிட்டுப் போனாவ. கம்பியில மண்ணு வந்தாலும் எழுத்துல இருக்கதுக்குத்தான் மதிப்பாம்.

ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல தம்பி. பொய் சொல்லுவானேன். சொர்ணத்துக்குத் தெரியும்லா. அவளுக்குத் தெரியாம எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளையில இந்த மேட்டுல மழை விட்டதும் நாங்க ரெண்டு பேருந்தான் ஓடுவோம். எனக்குக் கண்ணு அவ்வளவு சுத்தம் கெடையாது. அவதான் கண்டுபிடிப்பா. கண்டுபிடிச்சு என் கையில தருவா, அண்ணே நீ அப்பாட்ட குடுன்னு. அப்பா என்னைய மெச்சுவாரு. அவளுக்கு எந்தக் குழியில செவரு இருந்துச்சு, எந்தப் பக்கம் வாசல் இருந்துச்சுன்னு கூடத் தெரியும். அவ ஒரு வரி எழுதியிருந்தா போதும். கோட்டை எங்க அண்ணன் வீட்டுக்கு அடியில இருக்குன்னு. முடிஞ்சுது என் கதை. வீடு போச்சு, தோட்டம் போச்சு, போர் போச்சு.

அதனால பெட்டிசன் நகல் வாங்கி நேத்து நாலு தடவ படிச்சுப் பாத்தேன். இந்துமதி கையெழுத்து. முத்து முத்தா எழுதியிருக்கா, கீழ சொர்ணம் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்து. குளத்து மண் அடிச்சோம், அதுல வந்த குண்டுதான், எங்க வயல்ல கோட்டை இல்லை, கல்லை எடுத்துத் தாங்கன்னு இருக்கு. கடைசிக்கு முந்தின வரி, எனக்கு அதுவும் மனப்பாடம். ‘கோட்டை வேறு எங்கே இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.’

படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. தெரியாதாம்ல. என்னைய ஊரெல்லாம் பொய் சொன்னவன்னு பாக்காவ, இவ கவர்மெண்டுக்கே பச்சையா எழுதிக் குடுத்திருக்கா. எதுக்கு அப்படி எழுதினான்னு எனக்கு வெளங்கல. பயந்திருப்பா. நாளைக்கு நான் வேலைக்கு வராதன்னு சொல்லிட்டா கஞ்சிக்கு எங்க போவா? அதுதான் இருக்கும். வேற என்ன இருக்கப் போவுது?

அந்தா, கை காட்டிக் கூப்பிடுதாவ. சொர்ணமும் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கா. நான் போயி முன்ன சொன்னதத்தான் சொல்லப் போறேன். நீங்க வண்டி ஓட்டுதவரு, ஒங்களக் கூப்பிட்டு யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல, அதனாலதான் மனசு விட்டுப் பேசினேன். மோர் வந்துட்டு பாருங்க, குடிங்க. நீங்களே சொல்லுங்க தம்பி, அவளே தெரியாதுன்னு எழுதிக் குடுத்த பெறவு, நான் மட்டும் எதுக்குத் தெரியும்னு சொல்லணும்?